அந்த நோட்டுப் புத்தகம் யாருடையது

பிரிக்ஃபீல்ட்ஸ்,
5 ஆகஸ்ட் 2025, செவ்வாய்

அன்புள்ள கௌசலா மாமிக்கு,

தயவு செய்து இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதீர்கள். அப்பாவுக்கு வேண்டவே வேண்டாம். உங்கள் தம்பிதானே அவர்; போன் செய்யும்போது உங்களுக்கு வாய் தவறி ஒரு வார்த்தை வந்துவிடும், அப்படியும் வரக்கூடாது. படித்துவிட்டுக் கிழித்துப் போடுங்கள். கிழித்ததைக் குப்பையில் போடாமல் எரித்துவிட்டால் இன்னும் நல்லது.

போனில் பேசியிருக்கலாம்தான். ஆனால் என் போன் தேர்வு முடியும்வரை அப்பாவின் அலமாரியில் பூட்டிக் கிடக்கிறது. அம்மாவின் போனில் பேசலாமென்றால் நீங்கள் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவீர்கள். போன தடவை உங்களிடம் கேட்ட கேள்விக்கு உங்கள் பக்கத்து வீட்டு அங்கிள் பதில் சொன்னார். அதனால்தான் எல்லாரும் தூங்கிய பிறகு உட்கார்ந்து எழுதுகிறேன். யாராவது வந்தால் மேலே வைக்க வேதியியல் புத்தகம் பக்கத்திலேயே இருக்கிறது.

போன வாரம் பள்ளியில் பிறப்புச் சான்றிதழ் கேட்டார்கள். அம்மாவின் பச்சைக் கோப்பில் தேடினேன். மேலேயே குடிநுழைவு அலுவலகத்தின் கடிதம் இருந்தது. மலாய் மொழியில் இருந்ததால் அம்மாவுக்கு முழுதாகப் புரிந்திருக்குமா என்று தெரியவில்லை. எனக்குப் புரிந்தது, மாமி. இரண்டு முறை படித்தேன்.

அம்மா நிரந்தரக் குடியிருப்புக்கு எப்போதோ போட்ட விண்ணப்பத்தை இப்போதுதான் எடுத்துப் பார்க்கிறார்களாம். பார்க்கும்போது 2007இல் கிள்ளான் நீதிமன்றத்தில் அம்மா பெயரில் ஒரு குற்றப் பதிவு இருப்பது தெரிந்ததாம். அதற்கு விளக்கம் தரவேண்டும். அதுவரை அம்மா இங்கே தங்குவதற்கான பாஸை மூன்று மாதத்துக்கு மட்டும் நீட்டியிருக்கிறார்கள். விளக்கம் திருப்தியாக இல்லாவிட்டால் பாஸ் மறுபடி புதுப்பிக்கப்படாமல் போகலாம் என்று கடைசி வரியில் இருக்கிறது. அந்த வரிக்குக் கீழே யாரோ பென்சிலால் கோடு போட்டிருக்கிறார்கள். அப்பாவாகத்தான் இருக்கவேண்டும்.

அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து கல்யாணம் செய்து வந்து பத்தொன்பது வருஷம் ஆகிறது. ஒவ்வொரு வருஷமும் அப்பா ஒரு நாள் லீவு போட்டு அம்மாவோடு போய் அந்தப் பாஸைப் புதுப்பித்துக்கொண்டு வருவார். வரும் வழியில் ரொட்டி சானாய் வாங்கி வருவார்கள். சின்ன வயதில் எனக்கு அது ஒரு பண்டிகை நாள் மாதிரி. இதில் பயப்பட ஏதாவது இருக்கும் என்று நான் ஒரு தடவைகூட நினைத்ததில்லை.

அம்மா என்ன குற்றம் செய்திருக்க முடியும், மாமி? பாசாரில் தன் பையில் ஒரு பச்சை மிளகாய் கூடுதலாக விழுந்தால்கூட எடுத்துத் திருப்பிக் கொடுப்பவர்.

வீட்டில் யாரும் எதுவும் பேசுவதில்லை. ஆனால் அம்மா சமையலறையில் எல்லா டப்பாவுக்கும் பெயர் எழுதி ஒட்டிவிட்டார். சீரகம், பெருஞ்சீரகம், வெந்தயம். இத்தனை வருஷம் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தவருக்கு எதற்குப் பெயர்? ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்குப் புட்டு அவிக்கச் சொல்லிக் கொடுத்தார். "தண்ணி கூடிப்போச்சு. இது புட்டோ, சீமெந்தோ?" என்று அம்மா கேட்க, "சிமெண்டுன்னா நான் நல்லா குழைப்பேன் லா" என்றார் அப்பா. இரண்டு பேரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு அம்மா முகம் கழுவப் போனார். தண்ணீர் ரொம்ப நேரம் ஓடிக்கொண்டே இருந்தது.

நீங்கள் முப்பத்திரண்டு வருஷம் அரசாங்க அலுவலகத்தில் வேலை பார்த்தவர். எந்தக் கடிதத்துக்கு என்ன பதில் போடவேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். அம்மாவும் அப்பாவும் அப்போது உங்கள் வீட்டில்தானே இருந்தார்கள்? என்ன நடந்தது என்று எனக்குச் சொல்லுங்கள். பதினான்காம் தேதி அந்த அலுவலகத்தில் நேர்காணல். அம்மாவுக்குத் தெரிந்த மலாய் மொழி பாசாரில் மீன் வாங்க மட்டும்தான் போதும் என்பதால் மொழிபெயர்க்க நானும் போகிறேன்.

பதிலை வீட்டு முகவரிக்கு அனுப்பவேண்டாம். எங்கள் ஃபிளாட்டின் கீழே தையல் கடை வைத்திருக்கும் உஷாராணி அக்காவின் முகவரியை உறையில் எழுதியிருக்கிறேன். அவர் கேள்வி கேட்பார், ஆனால் பதிலுக்குக் காத்திருக்க மாட்டார். தானே பேசிக்கொண்டு போவார்.

பயமாக இருக்கிறது, மாமி.

உங்கள்
வசு


கிள்ளான்,
11 ஆகஸ்ட் 2025

அன்பு மகள் வசுந்தராவுக்கு,

உன் ஐந்தாம் தேதியிட்ட கடிதம் எட்டாம் தேதி கிடைத்தது. நீ சொன்னபடியே படித்து முடித்ததும் எரித்துவிட்டேன். சாமி விளக்கில் பிடித்ததால் புகை வந்து, மாடியில் வாடகைக்கு இருக்கும் நர்ஸ் பிள்ளைகள் ஓடி வந்துவிட்டார்கள். "ஆன்டி, என்ன ஆச்சு?" என்று கேட்டார்கள். கற்பூரம் என்று சொல்லி அனுப்பினேன்.

என் முழங்கால் முன்போல்தான். மாமா போய் நாலு வருஷமாகியும் மாலையில் இரண்டு கோப்பை எடுத்து வைத்துவிடுகிறேன். பிறகு ஒன்றைத் திரும்ப அலமாரியில் வைக்கிறேன். வாசலில் வளர்ந்த கறிவேப்பிலையை நகராட்சிக்காரர்கள் வெட்டிவிட்டுப் போய்விட்டார்கள். உன் அம்மா நட்டது. அடியில் ஒரு கன்று முளைத்திருக்கிறது, அவளிடம் நான் போனில் சொல்லிக்கொள்கிறேன்.

நீ எழுதிய விஷயத்துக்கு வருகிறேன். இதெல்லாம் பெரிய காரியமில்லை. அரசாங்கம் என்றால் கேட்பார்கள், எழுதிக் கொடுத்தால் கோப்பில் போடுவார்கள். உன் அப்பா பார்த்துக்கொள்வான். பெரியவர்கள் விஷயத்தை மூளையில் ஏற்றிக்கொண்டு தேர்வைக் கோட்டை விடாதே. அம்மாவின் கோப்பை மறுபடி திறக்காதே.

உன் அம்மாவைப் பற்றித் தவறாக ஒரு நொடிகூட நினைக்காதே. அவளைப் போல ஒரு பெண்ணை நான் பார்த்ததில்லை. இதை நான் சொல்லி எழுதவேண்டியதில்லை; ஆனாலும் எழுதுகிறேன்.

ஒன்று கேட்கவேண்டும். அந்தக் கடிதத்தில் வேறு விவரம் ஏதாவது இருக்கிறதா? எந்த வீடு, யார் யார் இருந்தார்கள் என்பது போல? சும்மாதான் கேட்கிறேன். தெரிந்தால் பதில் எழுத உதவியாக இருக்கும்.

பாதாம் பருப்பு வாங்கி அனுப்புகிறேன். இரவில் ஊறவைத்துக் காலையில் சாப்பிடு. மூளைக்கு நல்லது.

என்றும் உன் நலம் விரும்பும்
கௌசலா மாமி


பிரிக்ஃபீல்ட்ஸ்,
19 ஆகஸ்ட் 2025

அன்புள்ள மாமிக்கு,

பாதாம் கிடைத்தது. உஷாராணி அக்கா பொட்டலத்தைத் தடவிப் பார்த்து, "யாரு, பாய்ஃபிரண்டா? பாதாம் அனுப்புற பாய்ஃபிரண்ட நான் பார்த்ததே இல்ல. விட்டுடாதே" என்றார். மறுக்கவில்லை. அப்படியே நினைத்துக்கொள்ளட்டும்.

நேர்காணலுக்குப் போய் வந்தோம். அப்பாவை வெளியில் உட்காரச் சொல்லிவிட்டார்கள். அம்மாவும் நானும் மட்டும். அதிகாரி ஒரு பெண், அம்மாவின் வயதுதான் இருக்கும். கோபக்காரராக இருப்பார் என்று நினைத்துக்கொண்டு போனேன். அப்படி இல்லை. முதலில் எனக்குத் தண்ணீர் கொடுத்தார்.

நீங்கள் கேட்ட விவரங்கள் அவர் கையிலிருந்த தாளில் எல்லாம் இருந்தன. 2007 செப்டம்பர் 15, சனிக்கிழமை. அனுமதியில்லாமல் நாலு நம்பர் லாட்டரிச் சீட்டு எழுதியது. பிடிபட்ட பொருள், ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு கைப்பேசி. குற்றத்தை ஒப்புக்கொண்டார், அபராதம் கட்டினார். பிடிபட்ட இடம் என்ற இடத்தில் உங்கள் வீட்டு முகவரி.

அதிகாரி கேட்டார்: "அந்த நோட்டுப் புத்தகம் யாருடையது?"

நான் தமிழில் சொன்னேன். அம்மா கையை மடியில் வைத்துக்கொண்டு, "என்ர" என்றார், தன்னுடையது என்று.

"வீட்டில் வேறு யாராவது இருந்தார்களா?"

"இல்லை."

"இந்த நாட்டுக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. உங்களுக்கு நம்பர் கொடுத்தவர்களை எல்லாம் எப்படித் தெரியும்?"

அம்மா மடியிலிருந்த கையைப் பார்த்தார். நான் மறுபடி மொழிபெயர்த்தேன், புரியவில்லையோ என்று. "விளங்கினது பிள்ளை" என்றார் மெதுவாக. அவ்வளவுதான்.

பிறகு அந்த அதிகாரி பேனாவை மூடி வைத்துவிட்டு என்னிடமே பேசினார். இந்த நாட்டுக் குடிமகன் ஒருவர் செய்திருந்தால் இது பழைய அபராதம், அவ்வளவுதானாம். பாஸில் இருப்பவர்களுக்கு அப்படி முடிந்துபோவதில்லையாம். இங்கே தொடர்ந்து இருக்கலாமா என்று முடிவெடுக்கும்போது, எத்தனை வருஷமானாலும் அதையும் எடுத்துப் பார்ப்பார்களாம். "உன் அம்மா ஏதோ சொல்லாமல் விடுகிறார். உண்மையில் என்ன நடந்தது என்று தெரிந்தவர் யாராவது இருந்தால் சத்தியப் பிரமாணம் எழுதிக் கொடுக்கச் சொல். அதனால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. ஆனால் மேலே அனுப்ப என் கையில் ஏதாவது இருக்கும்" என்றார். செப்டம்பர் மூன்றாம் தேதி மறுபடி வரவேண்டும்.

திரும்பும்போது ரயிலில் அம்மாவிடம் கேட்டேன். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அண்டைக்கு ஆரோ ஒராள் ஓமெண்டு சொல்ல வேண்டியிருந்தது. நான் சொன்னனான். அவ்வளவுதான் பிள்ளை. உன்ர அப்பாவை இதைப்பற்றிக் கேக்காத, அந்தாள் உடைஞ்சு போயிடும்."

அப்போதுதான் எனக்கு ஒன்று தோன்றியது, மாமி. தப்பாக இருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். முத்துக்குமாரு மாமா நம்பர் எடுப்பார். எனக்கே தெரியும். கனவில் பாம்பு வந்தால் என்ன எண், ஆமை வந்தால் என்ன எண் என்று என்னிடம் கேட்டு எழுதிக்கொள்வார். அந்தப் புத்தகம் மாமாவுடையதா? மாமாவுக்காகவா அம்மா ஒத்துக்கொண்டார்?

அப்படியென்றால் இப்போது சொன்னால் யாருக்கும் ஒன்றும் ஆகாதே. மாமா இறந்துவிட்டார். அவரை யார் பிடிக்கப் போகிறார்கள்? நீங்கள் ஒரு தாளில் 'அது என் கணவருடையது, என் தம்பி மனைவி சுகிர்தமலருக்கு எதுவும் தெரியாது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். மாமா உயிரோடு இருந்திருந்தால் அவரே சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். எனக்குக் கோபமில்லை. மாமா எனக்கு எப்போதும் செல்லம் கொடுத்தவர்.

நேற்று அம்மா என்னை உஷாராணி அக்காவிடம் கூட்டிப்போய் ஆறு சட்டைக்கு அளவு கொடுத்தார். இரண்டு எனக்கு இப்போது. மற்ற நாலும் கொஞ்சம் பெரிதாக, "கம்பசுக்குப் போகேக்க போடலாம்" என்று. பல்கலைக்கழகம் போக எனக்கு இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல் இருக்கிறது.

சீக்கிரம் பதில் எழுதுங்கள்.

உங்கள்
வசு


கிள்ளான்,
25 ஆகஸ்ட் 2025

வசு கண்ணே,

நீ சொன்னபடி எழுதினேன். உன் கடிதம் கிடைத்த அன்றே உட்கார்ந்து, 'காலஞ்சென்ற என் கணவர் முத்துக்குமாரு' என்று தொடங்கி ஒரு பக்கம் நிரப்பிவிட்டேன். நல்ல கடிதம். முப்பத்திரண்டு வருஷம் எழுதிய கை, தடங்கலில்லாமல் ஓடியது. கையெழுத்துப் போடும் இடத்துக்கு வந்ததும் நின்றுவிட்டது. அந்த மனிதர் ஆயுள் முழுக்க நம்பர் வாங்கினார். ஒரு நாளும் பரிசு அடித்ததில்லை. ஆனால் எழுதியதில்லை.

எழுதியது நான்.

அந்த நோட்டுப் புத்தகம் என்னுடையது, வசு. எங்கள் அலுவலகத்தில் பாதிப் பேர் என்னிடம்தான் நம்பர் கொடுப்பார்கள். புதன், சனி, ஞாயிறு. நான் எழுதி வைத்து, பக்கிரிசாமி என்று ஒருவர், அவருக்குப் போனில் சொல்லுவேன். "கவர்மெண்டு கிளார்க்க யாருக்கா சந்தேகப்படுவான்?" என்று அவர் சிரிப்பார். நானும் சிரிப்பேன். அதை ஒரு தப்பாகவே நான் நினைக்கவில்லை. ஊரெல்லாம் செய்ததுதானே என்று இருந்துவிட்டேன்.

அந்தச் சனிக்கிழமை நான் மீன் வாங்கப் போனேன். போகும்போது உன் அம்மாவிடம், "சுகிர்தா, போன் வந்தா நாலு நாலு நம்பரா சொல்லுவாங்க, எழுதி வை" என்று சொன்னேன். வந்து பத்து மாதமாகியிருந்த பெண். வயிற்றில் நீ நாலு மாதம். என்ன நம்பர், எதற்கு என்று அவளுக்குத் தெரியாது. மச்சாள் நான் சொன்னால் செய்வாள். அவள் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும், உனக்குத் தெரியுமே. அந்தப் பக்கம் முழுக்க அந்தக் கையெழுத்து.

திரும்பி வந்தபோது வாசலில் போலீஸ் ஜீப் நின்றது. உள்ளே ஒரு அதிகாரி புத்தகத்தைத் தூக்கிக் காட்டி, யாருடையது என்று கேட்டுக்கொண்டிருந்தார். உன் அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் வாசல் கதவுக்குப் பக்கத்தில் மீன் பையோடு நின்றேன். ஒரு வார்த்தை, வசு. ஒரே ஒரு வார்த்தைதான் நான் சொல்லியிருக்க வேண்டியது.

சேதி கேட்டு வந்த மாமாதான் முதலில் என்னை ஓரமாகக் கூட்டிப் போனார். "உனக்கு கவர்மெண்ட் வேலை. கேஸ்னு ஆனா வேலையும் போகும், பென்ஷனும் போகும். அவளுக்கு வேலையா ஒண்ணா? ஃபைன் கட்டினா முடிஞ்சிடும்" என்றார். மாலையில் உன் அப்பா வந்தான். அவனும் தலையை ஆட்டினான். அவனைப் பள்ளிக்கு அனுப்பிப் படிக்க வைத்தவள் நான்; நான் சொன்னால் மறுத்துப் பேசத் தெரியாது அவனுக்கு. எங்கள் குடும்பத்தில் பாட்டன் காலத்திலிருந்து எல்லாரும் அரசாங்க வேலை. எது போனாலும் தாங்கலாம், பென்ஷன் போனால் தாங்க முடியாது என்றே வளர்ந்தோம். இழக்கக்கூடாத வேலை உள்ளவளைக் காப்பாற்றினோம். அவளுக்குத்தான் இழக்க வேலை இல்லையே என்று நினைத்தோம். அவள் இந்த நாட்டில் நிற்பதே ஒரு தாளில்தான் என்பது எங்களில் ஒருவருக்கும் அப்போது தோன்றவில்லை. நாங்கள் எல்லாரும் இங்கே பிறந்தவர்கள்.

அன்று இரவு அவளைப் பிணையில் கூட்டி வந்தோம். வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் முதலில் கேட்டது, "மச்சாள், மீன் பழுதாப் போச்சுதோ?" என்று.

திங்கட்கிழமை நீதிமன்றத்தில் நாங்கள் சொல்லிக் கொடுத்தபடி ஒத்துக்கொண்டாள். அதன் பிறகு இன்றுவரை அதைப் பற்றி என்னிடம் ஒரு சொல் பேசியதில்லை. பேசியிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

பதினொன்றாம் தேதி உனக்கு எழுதிய கடிதத்தில், முகவரி இருக்கிறதா என்று சும்மா கேட்பதாக எழுதினேன். சும்மா கேட்கவில்லை.

இனி என்ன செய்யப்போகிறீர்கள் என்று நீ கேட்பாய். சத்தியப் பிரமாணம் எல்லாம் எழுதித் தருகிற சுகுமாறனிடம் போனேன். நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். ஒருத்தருக்கு இப்படி நடந்திருந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். தாடியைத் தடவிக்கொண்டு, "அந்த ஒருத்தருக்கு பென்ஷன் வருதாக்கா?" என்றான். பழைய விஷயம், ஒன்றும் ஆகாமலும் போகலாம், விசாரணை என்று வந்தாலும் வரலாம், தனக்கே உறுதியாகத் தெரியாது என்றான். எனக்கு அறுபத்தாறு வயது. பிள்ளை குட்டி இல்லை. மருந்து, வீடு, கோயிலில் நான் உட்காரும் இடம், எல்லாம் அந்தப் பென்ஷன்காரி கௌசலா என்ற பெயரில்தான் இருக்கிறது.

பயமாக இருக்கிறது என்று நீ எழுதியிருந்தாய். எனக்கும்தான்.

நீ என்னிடம் கேட்டதையே நான் உன்னிடம் கேட்கிறேன். இதை யாருக்கும் காட்டாதே. மூன்றாம் தேதிவரை எனக்கு நேரம் கொடு.

மாமி


பிரிக்ஃபீல்ட்ஸ்,
2 செப்டம்பர் 2025, செவ்வாய்

அன்புள்ள மாமிக்கு,

அன்புள்ள என்று எழுதவேண்டுமா என்று ரொம்ப நேரம் யோசித்தேன். வேறு எப்படித் தொடங்குவது என்று எனக்குத் தெரியவில்லை.

உங்கள் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. தேசிய தினத்துக்காக உஷாராணி அக்கா கடைக்கு முன்னால் கொடி கட்டிக்கொண்டிருந்தார். ஏணி மேலிருந்தே தூக்கிப் போட்டார். படிக்கட்டிலேயே உட்கார்ந்து படித்தேன்.

கோபப்படுவேன் என்று நினைத்தேன். கோபம் வந்தது. நாலு நாள் சோறு இறங்கவில்லை. அப்பாவின் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை. அவர் "என்னம்மா, உடம்பு சரியில்லையா? பேனடால் எடுத்துட்டு வரவா?" என்று கேட்கும்போது இன்னும் கோபம் வந்தது. ஆனால் நாலாம் வகுப்பில் எனக்கு டெங்கி வந்தபோது ஆஸ்பத்திரி நாற்காலியில் ஐந்து இரவு உட்கார்ந்திருந்தது நீங்கள்தானே, மாமி. அம்மாவை வீட்டுக்கு அனுப்பித் தூங்கச் சொல்லிவிட்டு நீங்கள் தூங்காமல் இருந்தீர்கள். இரண்டும் ஒரே ஆள் என்பதை எப்படி வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

இன்று சாயங்காலம் அம்மா நாளைக்குக் கட்ட நீலச் சேலையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். உங்கள் பெயரைச் சொல்லாமல் கேட்டேன். "அம்மா, நாளைக்கு அந்த அதிகாரியிட்ட உண்மையைச் சொன்னா என்ன?"

அம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். எப்படி என்று கேட்கவில்லை.

"நான் இஞ்ச வந்திறங்கேக்க அங்க சண்டை. அம்மா, ஐயா, தங்கச்சி, ஒருத்தரும் வரேலாமப் போச்சு. கலியாணத்துக்கு என்ர பக்கம் போட்ட கதிரையள்ல இருக்க ஒருத்தரும் இல்லை. மச்சாள் தன்ர பக்கத்தில இருந்து எழும்பி வந்து என்ர பக்கத்தில இருந்தவ. தம்பிக்காரனை விட்டுப்போட்டு. அதை நீ பாக்கேல்லை பிள்ளை."

"அதுக்காகவா?" என்று கேட்டேன்.

"அதுக்காக எண்டில்லை. இப்ப சொன்னா அவ வயசு போன நேரத்தில என்ன செய்வா? எனக்கு அங்க தங்கச்சி வீடு இருக்கு. அவவுக்கு ஆர் இருக்கினம், எங்களை விட்டா?"

இதைச் சொல்லும்போது அம்மா அழவில்லை. சேலை மடிப்பைச் சரிபார்த்துக்கொண்டே சொன்னார். நான்தான் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டேன். அம்மா செய்வது போலவே.

நான் யாருக்கும் காட்டவில்லை, மாமி. உங்கள் கடிதம் இந்த மேசையில் வேதியியல் புத்தகத்துக்கு உள்ளேதான் இருக்கிறது. இந்தக் கடிதம் நாளைக்குள் உங்கள் கைக்கு வராது என்றும் தெரியும். ஆனாலும் உங்களிடம் சொல்லாமல் நான் எதையும் செய்யக்கூடாது. அதனால் எழுதுகிறேன்.

நாளை பத்து மணிக்கு அந்த அதிகாரி மறுபடி கேட்பார். அம்மா மறுபடி "என்ர" என்பார். அதை மலாயில் சொல்ல வேண்டியது நான். அன்றைக்கு எனக்கு எதுவும் தெரியாது, சொல்லிவிட்டேன். நாளைக்கு அந்த வார்த்தை என் வாயில் வராது. எத்தனையோ தடவை கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்துவிட்டேன். வரவில்லை. வேறு ஒரு பெயர்தான் வருகிறது. உங்கள் பெயரை நான் சொல்லும்படி விட்டுவிடாதீர்கள் என்று கேட்கத்தான் உட்கார்ந்தேன். உங்களைக் காட்டிக் கொடுத்தவளாக நான் இருக்க விரும்பவில்லை. அம்மாவை அனுப்பி வைத்தவளாகவும் இருக்க முடியாது. இரண்டில் எது என்று ஒரு பிள்ளையிடம்...

இரும்புக் கதவைத் திறக்கும் சத்தம் கேட்கிறது. அப்பா யாரிடமோ பேசுகிறார்.

"அக்கா? இந்த நேரத்துல எப்படி வந்தீங்க? கூப்பிட்டிருந்தா நான் வந்திருப்பேன்ல."

"கூப்பிட்டா நீ வரவேணாம்னு சொல்லுவே. கொமுட்டர் ரயில்ல வந்தேன். முட்டி உயிர் போகுது, முதல்ல உட்கார விடு."

உங்கள் குரல், மாமி. ஸ்பீக்கர் இல்லாமலே கேட்கிறது.

"தேத்தண்ணி போடட்டோ, மச்சாள்?"

"ஒண்ணும் வேணாம். நீ இப்படி வா. பக்கத்துல உட்காரு. தம்பி, நீயும் உட்காரு, நிக்காதே. இந்தப் பைல சுகுமாறன் எழுதிக் கொடுத்தது இருக்கு. இன்னிக்கு மத்தியானம் கையெழுத்துப் போட்டுட்டேன். நாளைக்கு உங்களோட நானும் வரேன். அந்த ஆபீசரம்மா கேட்டா நான் சொல்றேன். சுகிர்தா, நீ வாயத் திறக்கக்கூடாது."

"மச்சாள், பென்சன்..."

"வந்தா வரட்டும், போனா போகட்டும். மாடில நர்ஸ் பிள்ளைங்க வாடகை கொடுக்குதுங்க. கஞ்சி குடிக்கலாம். இல்லேனா இங்க வந்துடறேன், நீ ஊத்து."

யாரோ அழுகிறார்கள். அம்மா இல்லை. அப்பா என்று நினைக்கிறேன். அப்பா அழுது நான் கேட்டதில்லை. சமையலறையில் பாத்திரச் சத்தம். வேண்டாம் என்று சொன்ன பிறகும் அம்மா தேத்தண்ணி போடுகிறார்.

"வசு தூங்கிட்டாளா?" என்று நீங்கள் கேட்பது கேட்கிறது. அப்பா என்னவோ சொல்கிறார். நாற்காலியை நகர்த்துகிறீர்கள். ஒரு காலை இழுத்து இழுத்து நடந்து வருகிறீர்கள்.

மாமி, எனக்கு உங்களிடம் என்ன பேசுவது என்று தெரியவில்லை. நாளைக்குப் பிறகும் எனக்குக் கோபம் இருக்கும். அது போக எவ்வளவு நாள் ஆகும் என்று தெரியாது. ஆனால் இந்த நேரத்தில் கதவைத் தட்டுவது நீங்கள்தான். திறக்கிறேன்.